கதார் கிராமங்கள்: தென் பிரான்சில் 7 நாள் கார்ப் பயணம், திட்டம் சரியா?

கொள்ளிடக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மே மாத நடுவில் தென் பிரான்ஸ் போகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்கால் கொஞ்சம் தகராறு, மற்றபடி என்னை விடத் தெம்பு. துலூஸில் இறங்கி அங்கேயே வாடகைக் கார் எடுத்து 7 நாள் கதார் கோட்டைகளையும் ஊர்களையும் பார்ப்பதாக எண்ணம். (தோஹா இருக்கும் கத்தார் இல்லை சாமி. யூட்யூபில் தமிழில் தேடினால் முழுக்க வேலை விசா வீடியோவாக வந்து விழுகிறது.) 12, 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் இருந்த ஒரு கிறித்தவப் பிரிவு, போப்பாண்டவர் சிலுவைப்போர் அறிவித்து அழித்துவிட்டார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திட்டம் இது. முதல் நாள் அல்பி, கோர்து. இரண்டாம் நாள் கார்கசோன், லாஸ்தூர். மூன்றாம் நாள் மினெர்வ், பெசியே. நான்காம் நாள் தெர்ம், வில்ரூஜ், அகிலார். ஐந்தாம் நாள் கெரிபுஸ், பெய்ரெபெர்துஸ், புய்லோரான்ஸ். ஆறாம் நாள் புய்வேர், மோன்செகுர், ரோக்ஃபிக்ஸாத். ஏழாம் நாள் ஃபுவா, மிர்புவா பார்த்துவிட்டுத் துலூஸ்.

கேள்விகள்: நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா? மலை ரோடு எப்படி? நாங்கள் சைவம், சமாளிக்க முடியுமா?

துலூஸ் மாமி:

வாங்கோ வாங்கோ. ஆனால் இந்தத் திட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. ஏழு நாளில் பத்துக்கும் மேல் கோட்டை, அதில் முக்கால்வாசி மலை உச்சியில், கூடவே முழங்கால் வலியோடு ஒரு அம்மா. பாவம் இல்லையா? ஐந்தாம் நாளுக்குப் போட்டிருக்கும் மூன்று கோட்டையில் ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கவே ஒன்றரை மணி நேரம், நடுவில் வளைந்து வளைந்து போகும் ரோடு. வரைபடத்தில் 20 கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு இருபது நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள்.

லைசென்ஸ் விஷயம்: சுற்றுலா விசாவில் வருபவர்கள் இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதி அட்டையும் வைத்துக்கொண்டால் போதும். ஆர்.டி.ஓ.வில் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் இப்போதே சொல்லிவையுங்கள், இங்கே கியர் வண்டிதான் அதிகம். முன்பணத்தைப் பிடித்துவைக்க கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும்.

சைவம்... காஸ்தெல்நொதாரி ஊரின் பெருமையான காசுலே என்ற அவரைப் பயறு பதார்த்தத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பயறு மேலே தெரியும், உள்ளே வாத்துக் காலும் பன்றித் தொத்திறைச்சியும் இருக்கும். சமையலறையோடு வீடு எடுங்கள், புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுவந்துவிடுங்கள். மதியம் 12 முதல் 2க்குள் சாப்பிட்டால் சாப்பாடு, 2:10க்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்திருப்பார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:

மாமி நடைமுறையைச் சொல்லிவிட்டார், நான் அடிமடியிலேயே கைவைக்கிறேன். நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் கோட்டைகளில் இன்று கண்ணால் பார்க்கும் சுவர்கள் பெரும்பாலும் கதார்களுடையவை அல்ல. கெரிபுஸ், பெய்ரெபெர்துஸ், புய்லோரான்ஸ், தெர்ம், அகிலார் ஐந்துக்கும் ‘கார்கசோனின் ஐந்து பிள்ளைகள்’ என்று பெயர். போர் முடிந்தபின் பிரெஞ்சு அரசன் (இன்றைய ஸ்பெயின் பக்கம் இருந்த) அரகோன் அரசின் எல்லையைக் காவல்காக்கத் திருத்தியும் புதிதாகவும் கட்டிய எல்லைக் கோட்டைகள் இவை. 1258இல் கோர்பேய் ஒப்பந்தத்தில் எல்லை முடிவாகிறது, 1659இல் பிரனே ஒப்பந்தத்தில் எல்லையே தெற்கே நகர்ந்துவிட, கோட்டைகளுக்கு வேலை போய்விட்டது. அதாவது ஜெயித்தவன் கட்டியதைத் தோற்றவன் பெயரில் பார்க்கிறோம். ரோட்டோரத்தில் ‘கதார் தேசம்’ என்று பழுப்புப் பலகை வைத்திருப்பார்கள், அது ஓத் மாவட்டத்துச் சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர்.

அப்போ கதார்கள் எங்கே இருந்தார்கள்? ஊருக்குள்ளே, தெருவில், பக்கத்து வீட்டில். அவர்கள் தங்களைக் கதார் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. ‘நல்ல கிறித்தவர்கள்’ என்பார்கள், ஊர்க்காரர்கள் ‘நல்ல மனிதர்கள்’, ‘நல்ல பெண்கள்’ என்பார்கள். இந்தக் கண்ணுக்குத் தெரியும் உலகத்தைப் படைத்தது நல்ல கடவுள் அல்ல, தீய சக்தி, ஆன்மா அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது நம்பிக்கை. தீட்சை பெற்றவர்கள் கறி, முட்டை, பால், வெண்ணெய் தொடமாட்டார்கள், மீன் மட்டும் உண்டு. பொய் சொல்லக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது, உயிரைக் கொல்லக்கூடாது, உழைத்துத்தான் சாப்பிட வேண்டும். நிறையப் பேர் நெசவு செய்தார்கள். பெண்களும் தீட்சை பெறலாம், ஊர் நடுவில் வீடு எடுத்துச் சேர்ந்து வாழ்ந்தார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பேசலாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால் அவர்களை விசாரித்த கத்தோலிக்கத் திருச்சபைக்காரர்கள் எழுதிவைத்ததால். 1245, 46இல் துலூஸ் சான்-செர்னான் தேவாலயத்துக்கு லோரகே பகுதி ஊர்களிலிருந்து 5,000க்கும் மேற்பட்டவர்களை வரவழைத்து, யாரைப் பார்த்தாய், யாருக்குத் தலைவணங்கினாய், யார் வீட்டில் ரொட்டி சாப்பிட்டாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பதிவின் நகல் இன்றும் துலூஸ் நூலகத்தில் 609ஆம் எண் சுவடியாக இருக்கிறது.

அதனால் என் யோசனை: கோட்டைகளை மூன்றாகக் குறைத்துவிட்டு ஃபான்ஜோ, பிராம், மினெர்வ், வில்ரூஜ், மிர்புவா, மோன்தயூ என்று ஊர் ஊராகப் போங்கள்.

விதண்டாவாதி:

கோட்டை கதாருடையது இல்லை, பெயரும் அவர்களுடையது இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் ஆளே இல்லை என்பார் பித்தன். சில ஆராய்ச்சியாளர்கள் அதையும் சொல்லிவிட்டார்களே, கதார் திருச்சபை என்று ஒழுங்கான அமைப்பே கிடையாது, விசாரணைக்காரர்கள் மனதில் உருவானது என்று? அப்புறம் எதைப் பார்க்க ஏழு நாள் டீசல் செலவு? ரென்-லெ-ஷாத்தோ போங்கள், அங்கே புதையலாவது இருக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்:

அந்த விவாதம் உண்மைதான், ஆர்.ஐ. மூர், மார்க் பெக் போன்றவர்கள் அப்படி வாதாடுகிறார்கள், எதிர்த்தும் பலமாக எழுதுகிறார்கள். அமைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதில்தான் சண்டை. எரிக்கப்பட்டவர்கள் எரிக்கப்பட்டார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ரென்-லெ-ஷாத்தோ புதையல் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஒரு பாதிரியார் வருமானத்துக்கு மீறிக் கட்டடம் கட்டினார், 1950களில் அந்த இடத்தில் ஓட்டல் நடத்தியவர் அதைப் புதையல் கதையாக்கினார், கூட்டம் வந்தது. மோன்செகுரில் ஏசுவின் கடைசி விருந்துப் புனிதக் கிண்ணம் இருப்பதாக 1930களில் ஓட்டோ ரான் என்ற ஜெர்மன்காரர் தேடி அலைந்தார், பிறகு நாஜிகளின் எஸ்.எஸ். படையில் போய்ச் சேர்ந்தார். இந்த வகைக் கதைகளுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

லாச்சப்பல் அண்ணா:

வணக்கம் தம்பி. நாங்கள் பாரிசிலிருந்து மூன்று தரம் அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போய் வந்தோம். வடிவான இடம். மாமியும் பித்தனும் சொன்னது சரி, ஆனால் கோட்டையே வேண்டாம் என்று விட்டுவிடாதையுங்கோ. கெரிபுஸ் 728 மீட்டர் உயரத்தில் நிற்குது, உச்சியில் ஒரு மண்டபம், ஒற்றைத் தூண் பனைமரம் மாதிரி விரிந்து கூரையைத் தாங்கும். அதை யார் கட்டினால் என்ன, பார்க்க வேண்டியது. அம்மாவைக் கீழே குகுன்யான் கிராமத்தில் விட்டுவிட்டுப் போங்கோ, அங்கே காற்றாலை ஒன்று இருக்கு, கல்லில் அரைத்த மாவில் ரொட்டி சுடுகிறார்கள்.

நாங்கள் போன முதல்தரம் காலநிலை பார்க்காமல் போய் பெய்ரெபெர்துஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினவை. காற்றும் இடியும் என்றால் மூடிவிடுவார்கள், கெஞ்சியும் பலன் இல்லை. காலையில் கிளம்ப முதல் போன் அடித்துக் கேளுங்கோ.

மோன்தயூ நேரம் இருந்தால் கட்டாயம். 1,300 மீட்டரில் சின்னக் கிராமம், பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, இடிந்த கோபுரம் ஒன்று. ஆனால் ஜாக் ஃபுர்னியே என்ற பாமியே பிஷப் 1318க்கும் 1325க்கும் இடையில் அந்த ஊர்ச்சனத்தை விசாரித்து, யார் யாரோடு படுத்தது என்பது வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார். ஊர்ப் பாதிரியாரே இரகசியமாகக் கதார் பக்கம், அவருக்கும் கோட்டைக்காரரின் விதவைக்கும் தொடர்பு. பிஷப் பிறகு பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவராக வந்தவர், அதனால் பதிவேடு வத்திக்கானில் பத்திரமாகக் கிடந்தது. அந்தப் பதிவேட்டை வைத்து 1975இல் வந்த சரித்திரப் புத்தகத்தை என் மகள் பள்ளிக்கூடத்துக்காக வாசித்துவிட்டு எனக்கு இரவிரவாகக் கதை சொன்னவள்.

நெடுஞ்சாலை:

ரோடு பற்றி நான். துலூஸிலிருந்து கார்கசோன் ஏ61 சுங்கச்சாலை, 95 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அதோடு பெரிய ரோடு முடிந்தது. ஃபுவாவிலிருந்து கியான் வழியாகக் கிழக்கே போகும் டி117தான் உங்கள் முதுகெலும்பு, அதிலிருந்து கிளை பிரிந்து பிரிந்து ஏறுவீர்கள். ஊருக்கு வெளியே பொதுவாக 80, ஊருக்குள் 50, பல இடங்களில் 30. சின்ன ஊர்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவனுக்குத்தான் முன்னுரிமை, சந்துக்குள்ளிருந்து டிராக்டர் சீறிக்கொண்டு வரும், தப்பு உங்கள் மேல்தான். இதைத் தலைகாணியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கலமுஸ் பள்ளத்தாக்கு ரோடு பாறையைக் குடைந்து போட்டது, ஒரு வண்டி அகலம், எதிரே வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். கோடையில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவார்கள், கேம்பர் வண்டிகளுக்கு இடமில்லை. சின்னக் காராக எடுங்கள். பெட்ரோல் கோர்பியேர் மலைக்குள் அபூர்வம், பாதி டாங்க் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். கோடையில் போகிறவர்களுக்கு ஒன்று: அந்த மலை பற்றி எரியும் மலை. 2025 ஆகஸ்டில் லாகிராஸ் பக்கம் பிடித்த தீ 16,000 ஹெக்டேருக்கு மேல் பொசுக்கிவிட்டது. தீ அபாய நாளில் காட்டுப் பாதைகளை மூடுவார்கள், மே மாதம் அநேகமாகப் பிரச்சினை இல்லை.

கொள்ளிடக்கரை:

அனைவருக்கும் நன்றி. அல்பி, கோர்து, பெசியே, தெர்ம், அகிலார், ரோக்ஃபிக்ஸாத், ஃபுவா எல்லாம் பட்டியலிலிருந்து அடித்தாயிற்று. கார்கசோன் 2 இரவு, குகுன்யான் 2 இரவு, மிர்புவா 3 இரவு. அம்மாவிடம் சொன்னேன், “முட்டை கூடச் சாப்பிடாதவாளையா எரிச்சா?” என்று கேட்டார். மீன் விஷயத்தைச் சொல்லவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். 1051இல் ஜெர்மனியில் கோஸ்லார் என்ற ஊரில் பேரரசன் மூன்றாம் ஹென்றி முன்னால் சிலரை நிறுத்தி, கோழியைக் கொல்லுங்கள் என்றார்கள். மறுத்தார்கள். தூக்கில் போட்டார்கள். கதார்களுக்கு நூறு வருடம் முந்தைய கதை, ஆனால் மனநிலை அதுதான்.

பெசியேயை அடித்தது பரவாயில்லை, ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1208 ஜனவரியில் போப்பின் தூதர் கொலையாகிறார், மூன்றாம் இன்னசென்ட் சிலுவைப்போர் அறிவிக்கிறார், 1209 ஜூலை 22 பெசியே விழுகிறது. ஏறக்குறைய 20,000 பேர் கொல்லப்பட்டதாகப் போப்புக்குத் தூதர்களே எழுதினார்கள். எண் மிகையாக இருக்கலாம், ஆனால் அதைப் பெருமையாக எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். “எல்லாரையும் கொல்லுங்கள், தன்னுடையவர்களைக் கடவுள் அறிவார்” என்று படையோடு வந்த மடாதிபதி ஆர்னோ அமோரி சொன்னதாக வரும் வாசகம் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஜெர்மன் துறவி ஒருவர் எழுதியது, சொன்னாரா என்பது சந்தேகம். அந்த ஊரில் கதார்கள் சிறுபான்மைதான், மீதி எல்லாம் கத்தோலிக்கர்கள்.

கொள்ளிடக்கரை:

(ஐந்து வாரம் கழித்து) போய் வந்தாயிற்று. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரை எடுத்ததும் நேராக ஃபான்ஜோ. குன்றின் மேல் சின்ன ஊர், காற்று என்றால் அப்படிக் காற்று. அந்தப் பக்கம் இதற்கு செர்ஸ் என்று பெயராம், அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடந்தார். 1204இல் ஃபுவா பிரபுவின் சகோதரி எஸ்கிளார்மோந்த் இங்கேதான் தீட்சை பெற்றிருக்கிறார், பிரபுவே பக்கத்தில் நின்று பார்த்தாராம். இரண்டே வருடத்தில் அதே ஊருக்கு தோமினிக் வருகிறார், பிற்பாடு புனிதராகி தோமினிக்க சபையை நிறுவியவர். ஊருக்குக் கீழே புருயில் அவர் ஆரம்பித்த பெண்கள் மடம் இன்னும் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு தரப்பும் எதிரெதிர் வீடு. பித்தன் சொன்னது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கதார் காலத்தைக் காட்டும் பொருள் என்று ஊரில் ஏறக்குறைய எதுவும் இல்லை. மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், “இதுக்கா முதல் நாள்?” என்றாள். நான் தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்து அந்த 5,000 பேரில் எத்தனை பேர் இந்தச் சரிவில் இறங்கித் துலூஸுக்கு நடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிராம் வழியில்தான். தேவாலயத்தைச் சுற்றி வீடுகள் வட்டம் வட்டமாக, வெங்காயத்தை நறுக்கிய மாதிரி. அழகான ஊர், பயங்கரமான கதை. 1210இல் சிலுவைப்போர்ப் படைத் தலைவன் சிமோன் த மோன்ஃபோர் இந்த ஊரைப் பிடித்து சுமார் நூறு பேரின் கண்களைத் தோண்டி மூக்கை அறுத்து, ஒருவனுக்கு மட்டும் ஒற்றைக் கண்ணை விட்டு, அவன் வழிகாட்ட எல்லாரையும் வரிசையாக லாஸ்தூர் கோட்டைக்கு அனுப்பியிருக்கிறான். மறுநாள் நாங்கள் அதே திசையில் காரில் போனோம். முக்கால் மணி நேரம் கூட ஆகவில்லை. காரில் யாரும் பேசவில்லை.

லாஸ்தூரில் நான்கு கோட்டை ஒரே மலைமுதுகில்: கபாரே, ரெஜின், சுர்தெஸ்பின், கெர்தினூ. அம்மாவுக்காக ஏறவில்லை, எதிர் மலையில் காட்சிமேடை இருக்கிறது, கார் பக்கத்திலேயே போய்விடும். அங்கிருந்து நான்கும் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். அம்மா அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டார்: “இத்தனை உசரத்துல தண்ணிக்கு என்ன பண்ணினா?”

இந்தக் கேள்விதான் அதற்கப்புறம் எங்கள் பயணத்தை ஓட்டியது. சாயங்காலம் கார்கசோன். இரட்டை மதில், 52 கோபுரம், கூர்க்கூரை எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தது, விளக்கு போட்டால் சினிமா செட். உள்ளே முழுக்கப் பொம்மை வாள் கடை, எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அம்மா கேள்விக்கு விடை இங்கேயே: 1209 ஆகஸ்டில் அகதிகளால் ஊர் பிதுங்கியது, ஆற்றுக்குப் போகும் வழியை எதிரி அடைத்தான், கிணறு வற்றியது, இரண்டு வாரத்தில் சரண். இளம் பிரபு திரான்காவெல் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் சிறைப்பட்டு நவம்பரில் செத்துப்போனார்.

துலூஸ் மாமி:

அய்யோ, அம்மா சரியான கேள்வி கேட்டிருக்கார். நான் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. மேலே எழுதுங்கோ. மினெர்வ்?

கொள்ளிடக்கரை:

மினெர்வ் வருகிறேன். இந்த ஏழு நாளில் ஒரே ஒரு இடம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கார்கசோனிலிருந்து திராட்சைத் தோட்டங்களாகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், திடீரென்று பூமி பிளந்து, நடுவில் ஒரு பாறை நாக்கு, அதன் மேல் ஊர். இரண்டு பக்கமும் செஸ், பிரியான் என்ற இரண்டு ஆறு அறுத்த பள்ளம். காரை வெளியே பணம் கட்டி நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்து போக வேண்டும். நாங்கள் போனபோதே செஸ் ஆற்றில் தண்ணீர் பேருக்குத்தான் இருந்தது. கோட்டையில் மிச்சம் ஒற்றைத் தூண் மாதிரி ஒரு சுவர்த் துண்டு, அவ்வளவே.

1210 ஜூனில் சிமோன் எதிர்க்கரையில் கல்லெறி பொறிகளை நிறுத்துகிறான். பெரியதற்கு மல்வுவாசின் என்று பெயர், ‘பொல்லாத பக்கத்து வீட்டுக்காரி’. அது ஊரைக் கூட அவ்வளவாக அடிக்கவில்லை. பள்ளத்தின் அடியில் ஊருக்கு இருந்த ஒரே கிணறு, அதற்கு இறங்கும் மூடிய படிவழி, அதைக் குறிவைத்து அடித்து நொறுக்கியது. கோடை வேறு. ஏழு வாரத்தில் முடிந்தது. நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர் என்றார்கள், 140 பேர் கைவிடவில்லை, தாங்களாகவே தீயில் போய் விழுந்ததாக எதிரித் தரப்பு வரலாற்றாசிரியரே எழுதியிருக்கிறார். அந்தக் கிணறு இருக்கும் இடம் வரை நான் மட்டும் இறங்கிப் பார்த்தேன். மேலே வந்து சொன்னதும் அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து எனக்கு நீட்டினார்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் நினைவுக்கல் ஒன்று. கல்லைக் குடைந்து புறா வடிவில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், புறா இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்தான் இருக்கிறது. தேவாலயத்துக்குள் 456ஆம் வருடத்துப் பளிங்குப் பலிபீடம் இருக்கிறதாம், பூட்டியிருந்தது.

அங்கிருந்து தெற்கே லாகிராஸ், வில்ரூஜ்-தெர்மனெஸ். வழியெல்லாம் கருகிய குன்றுகள், நெடுஞ்சாலை சொன்ன தீ. கரிக்கட்டைக்கு நடுவே பச்சை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வில்ரூஜ் நார்போன் பேராயரின் கோட்டை, இந்தப் பக்கத்தின் கடைசிக் கதார் குரு கிலேம் பெலிபாஸ்தை 1321இல் இங்கே எரித்தார்கள். இந்த ஆள் புனிதர் ரகம் இல்லை. ஒரு இடையனைக் கொன்றுவிட்டு ஓடியவர், கட்டலோனியா பக்கம் ஒளிந்திருந்தபோது வெளிவேஷத்துக்குக் கூட இருந்த பெண்ணுக்கு இவரால் பிள்ளை, அதை மறைக்க அவளை நண்பனுக்குக் கட்டிவைத்தார். நம்பிக்கையான சீடன் மாதிரி நடித்த ஒருவன் பேசிப்பேசி வடக்கே கூட்டிவந்து பிடித்துக்கொடுத்தான். எனக்கு ஏனோ அந்த 140 பேரை விட இவரை நன்றாகப் புரிகிறது.

விதண்டாவாதி:

சரி, இந்த ஆளுக்காக நானும் ஒருதரம் போகலாம் போலிருக்கிறது. தெர்ம் போகவில்லையா? தண்ணீர்க் கதை அங்கேதான் உச்சம்.

கல்வெட்டுப்பித்தன்:

விதண்டாவாதி சொன்னதில் முதன்முறையாக உடன்படுகிறேன். 1210இல் நான்கு மாத முற்றுகை. தெர்மில் தண்ணீர் தீர்ந்தது, வைனைக் குடித்துத் தாக்குப்பிடித்தார்கள், கடைசியில் நாளைக் காலை சரணடைகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று ராத்திரி கொட்டித் தீர்த்தது மழை. தொட்டிகள் நிரம்பிவிட்டன, சரணாவது ஒன்றாவது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் தொட்டித் தண்ணீர் கெட்டுக்கிடந்ததில் வயிற்றுக்கடுப்பு வந்து படை சுருண்டது. இரவில் தப்பி ஓடும்போது பிரபு பிடிபட்டார்.

கொள்ளிடக்கரை:

தெர்ம் போகாதது தப்புதான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், “காய்ச்சிக் குடிச்சிருக்கலாம்” என்கிறார்.

மீதியைச் சுருக்குகிறேன். கெரிபுஸ் நானும் மனைவியும் ஏறினோம், கார் நிறுத்தத்திலிருந்து கால் மணி நேரம், செங்குத்து. பனைத் தூண் அண்ணா சொன்ன மாதிரியேதான். மேலிருந்து ஒருபக்கம் மத்தியதரைக் கடல், ஒருபக்கம் பனி மூடிய கனிகூ மலை. பெய்ரெபெர்துஸ் அன்று மதியம் காற்றால் மூடிவிட்டார்கள், மறுநாளும் திறக்கவில்லை, விட்டுவிட்டோம். கலமுஸ் ரோட்டில் எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டுப் பின்னால் எடுத்ததில் பக்கவாட்டில் பாறை உரசியது. வாடகை நிறுவனம் அந்தக் கீறலோடு, நான் எடுக்கும்போதே இருந்த இன்னொரு கீறலுக்கும் சேர்த்துப் பணம் பிடித்தது. எடுத்தபோது வீடியோ எடுக்காதது என் முட்டாள்தனம், நீங்கள் எடுத்துவிடுங்கள். புய்வேர் கோட்டையில் இசைக்கலைஞர்கள் செதுக்கிய அறை அழகு. மிர்புவா சதுக்கத்தில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், உத்தர முனைகளில் மனித முகமும் மிருக முகமுமாக, திங்கட்கிழமை சந்தையில் ஆட்டுப்பால் சீஸ், செர்ரி. மூன்று இரவுக்கு அந்த ஊர்தான் சரி, மாமி வாழ்க.

மோன்செகுர். 1,207 மீட்டர். கார் நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே புல்வெளி, ‘எரிக்கப்பட்டவர்களின் வயல்’ என்று பெயர், 1960இல் வைத்த கல். அம்மா அது வரை வந்தார், மேலே ஏறவில்லை. நான் ஏறினேன், அரை மணி நேரம், வழுக்குப் பாறை. உச்சியில் நிற்கும் சுவர் 1244க்குப் பிறகு வந்தவர்கள் கட்டியது. கோடைத் திருப்பத்தன்று சூரியன் அம்புத்துளை வழியாக நேராக வருவதால் இது கதார்களின் சூரியக் கோயில் என்று ஒரு கோஷ்டி சொல்லுமே, பாவம், சுவரே அவர்களுடையது இல்லை. கதார்கள் இருந்த வீடுகளின் அடித்தளம் கோட்டைக்கு வெளியே சரிவில் படிப்படியாகத் தெரிகிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

இங்கே தண்ணீர் காரணம் இல்லை. 1243 மேயில் தொடங்கி பத்து மாதம் தாக்குப்பிடித்தார்கள், குளிர்காலத்தில் எதிரி பாறை ஏறிக் கிழக்கு முனையைப் பிடித்துக் கல்லெறி பொறியை மேலேற்றியதும் முடிந்தது. மார்ச் 2 ஒப்பந்தம், 15 நாள் தவணை. போர்வீரர்களும் குடும்பத்தாரும் விசாரணைக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம், தீட்சை பெற்றவர்கள் கைவிட வேண்டும், இல்லையேல் தீ. அந்தத் தவணைக்குள், போய்விடலாம் என்று அனுமதி இருந்த சுமார் 20 பேர் தாங்களாக வந்து தீட்சை பெறுகிறார்கள். கோட்டைக்காரர் ரேமோன் த பெரேயின் மனைவி கோர்பா, மகள் எஸ்கிளார்மோந்த் (ஃபான்ஜோவில் சொன்னவர் வேறு) உட்பட. மூன்றே நாளில், மார்ச் 16, 200 பேருக்கு மேல் எரிந்தார்கள். நான் கீழே வந்தபோது அம்மா கல் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக் கிழவியோடு பேசிக்கொண்டிருந்தார், இவர் தமிழில், அவர் பிரெஞ்சில், முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டு.

மோன்தயூவுக்குக் கடைசி நாள் போனோம். அண்ணா சொன்ன மாதிரி ஒன்றுமில்லை, கோபுரம், ஆடு, நாய். மனைவி அங்கே மட்டும் இரண்டு மணி நேரம் இருந்தாள், பாதிரியார் வீடு எது என்று தேடிக்கொண்டு.

லாச்சப்பல் அண்ணா:

வாசிக்க நல்ல சந்தோஷம் தம்பி. நாங்கள் ஜூலையில் திரும்பப் போறம், இந்த முறை லாஸ்தூர் ஏற வேணும் என்று சின்னவன் நிற்கிறான். மிர்புவாவில் நீங்கள் நின்ற வீடு சமையலறையோடுதானே, விபரம் அனுப்புவீங்களோ?

கொள்ளிடக்கரை:

தனிமடலில் அனுப்பிவிட்டேன் அண்ணா. அடுப்பு நான்கு பர்னர், குக்கர் இல்லை, எடுத்துப் போங்கள். ஜூலை என்றால் லாஸ்தூர் காலையில் திறந்ததும் ஏறிவிடுங்கள், மேலே நிழலே கிடையாது. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கட்டுங்கள், இது அம்மா சொல்லச் சொன்னது.